நிறுத்திய மூன்றாம் நாள்

2020 ஏப்ரல் முதல் வாரம். ஊரடங்கில் டாஸ்மாக் கடைகள் மூடிப் பத்து நாள் ஆகியிருந்தது. புதுக்கோட்டை மாவட்டம் கோட்டைப்பட்டினத்தில் மீனவர்கள் மூன்று பேர் குளிர்பானத்தில் ஷேவிங் லோஷனைக் கலந்து குடித்து இறந்துபோனார்கள். ‘இப்படியும் குடிக்கணுமா?’ என்று அன்று கேட்காதவர் இல்லை. குடிக்கு அடிமையான உடம்பிடம் கேட்டால் வேறு பதில் வரும்.

மூளையை அமைதிப்படுத்தும் ‘காபா’ என்ற ரசாயனத்துக்கு மது வலுச் சேர்க்கிறது, கிளர்ச்சியூட்டும் ‘குளூட்டமேட்’டை அடக்குகிறது. ஆண்டுக்கணக்கில் இது நடந்தால், மூளை எதிர்ப்பக்கமாக இழுத்து ஈடுகட்டப் பழகிவிடும். கயிறிழுக்கும் போட்டியில் எதிரணி சட்டென்று கையை விட்டால் என்ன ஆகும்? ஒரே நாளில் நிறுத்துகிறவருக்கும் அதுதான்.

கடைசிக் குடி முடிந்து ஆறேழு மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும், குமட்டும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். பெரும்பாலும் மூன்றாம் நாள்வாக்கில் சிலருக்கு ‘டெலிரியம் ட்ரெமன்ஸ்’ என்ற கொடுங்குழப்பம் வரும். போர்வையில் இல்லாத பூச்சியைப் பொறுக்கிக்கொண்டிருப்பார். பெற்ற பிள்ளையைப் பார்த்து யாரென்று கேட்பார். காத்துக் கருப்பு என்று வேப்பிலை அடிக்கக் கூட்டிப் போவதும் நம் ஊர்களில் உண்டு. உண்மையில் இந்தக் குழப்பம் உயிரைப் பறிக்கக்கூடிய நிலை. பல் துலக்கும் முன்பே ‘கட்டிங்’ போட்டால்தான் கை நிற்கும் என்பவர், வீட்டில் இருந்தபடி திடீரென நிறுத்தக் கூடாது; மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உதாரணத்துக்கு, புதுக்கோட்டை மாவட்டத்துத் திருவரங்குளத்துக்காரருக்குப் புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எட்டாத தூரமில்லை. டயாசிபாம் போன்ற மாத்திரைகளை நாளுக்கு நாள் அளவு குறைத்துக் கொடுத்து மூளையைப் பதமாக இறக்குவார்கள். ‘ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க, சரியாயிடும்’ என்று கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: குடிநோயாளியின் உடம்பில் தயமின் என்ற பி1 வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், நடை தள்ளாடி நினைவே அழியும் அபாயம் இருக்கிறது. முதலில் தயமின் ஊசி.

வாரம் கழிந்தால் நடுக்கம் நிற்கும். தூக்கம் மட்டும் சீக்கிரம் திரும்பாது. சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும். ‘அதான் நிறுத்தியாச்சே, இன்னும் ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்காரு?’ என்று வீட்டார் கேட்பது இந்தக் கட்டத்தில்தான். மூளையில் சுரக்கும் ரசாயனங்கள் சமநிலைக்கு வர நாளாகும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஐயப்பனுக்கு மாலை போட்டு 48 நாள் சுத்தமாக இருந்தவர், மாலையைக் கழற்றிய அன்றே கடைக்குப் போவதை வெறும் பக்திக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. சம்பளச் சனிக்கிழமை, சாவு வீடு, கடை இருக்கும் திருப்பம் என ஒவ்வொன்றும் பழைய ஆசையைக் கிளப்பும். அந்த ஆசை பெரும்பாலும் சில நிமிடங்களில் தணியும். தணியும்வரை பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் நல்லது. வழுக்கி விழுந்தாலும் சிகிச்சை வீணாகிவிடாது. சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை ஏறினால் மருத்துவர் விரட்டியா விடுகிறார்?

குடியை நிறுத்தத் தரப்படும் டைசல்பிராம் மாத்திரையை ஆளுக்குத் தெரியாமல் சாம்பாரில் கலப்பவர்கள் உண்டு. அது தெரியாமல் அவர் குடித்தால், உடம்பில் அசிட்டால்டிஹைடு தேங்கி ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். சம்மதத்தோடும் மருத்துவர் கண்காணிப்பிலும் மட்டுமே அந்த மாத்திரை.

சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, திருவாரூர் பக்கம் மஞ்சக்குடியில் கிராம முகாம்கள் நடத்தியது. குடிப்பவரோடு குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே அங்கே சிகிச்சைக்குள் கொண்டுவந்தார்கள். கணவரைக் குடியால் இழந்தவர் சாந்தி. மருத்துவமனைக்குப் போகுமுன் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14446 என்ற உதவி எண் இருக்கிறது, கட்டணமில்லை. மனைவியும் அழைக்கலாம்.