மூன்று திங்களை மறவாத குருதி

யான் சலரோகக்காரன். ஊரிலே இதனைச் சீனி வருத்தம் என்பர். ஆசிரியர் அறையிலே வெறுந்தேநீருடன் பனங்கட்டித் துண்டொன்றைக் கடித்துக்கொள்வது என் நெடுநாள் வழக்கம். நோய் கண்ட பின்னரும் அது விட்டபாடில்லை. ஆயினும் பரிசோதனைக்கு மூன்று நாள் முன்னதாகக் குரக்கன் பிட்டுங் கீரையுமாகத் தவங்கிடந்து, வெறுவயிற்றோடு சென்று குருதி கொடுத்து, ஈராண்டு காலம் நல்ல நோயாளி என்னும் பெயரைக் காப்பாற்றி வந்தேன். பரீட்சைக்கு முதனாளிரவு மட்டும் நன்னூலைப் புரட்டும் மாணவரைக் கண்டிக்கும் எனக்கு, என் செயலும் அஃதே என்பது தோன்றவில்லை.

சென்ற ஆண்டு புதிதாக வந்த வைத்தியர் வேறொரு சோதனையையும் எழுதித் தந்தார். வெறுவயிற்றுக் கணக்கு நன்றாகவே இருந்தது. மற்றையது நூற்றுக்கு 8.4. "பண்டிதர் ஐயா, நீங்கள் சொல்லாததை உங்கள் இரத்தஞ் சொல்லுகிறது" என்றார் அவர். இந்நோயினாலே காலொன்றை இழந்த என் தமையனாரை நினைத்துக்கொண்டு வாளா இருந்தேன்.

அச்சோதனையின் பெயர் ஈமோகுளோபின் ஏ1சி. அதைப் பற்றித் தேடிப் படித்தேன். செங்குழியத்திலுள்ள ஈமோகுளோபின் என்னும் புரதத்தோடு குருதியிலுள்ள குளுக்கோசு மெல்லமெல்லச் சென்று ஒட்டிக்கொள்கிறது. உடலின் ஏனைய பல வினைகளுக்கு நொதியம் துணைவேண்டும், இதற்கு வேண்டா. சாரியை பெறாப் புணர்ச்சி என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஒட்டியது பின் எளிதிற் பிரிவதில்லை. செங்குழியத்தின் வாழ்நாள் ஏறத்தாழ 120 நாள். அதுவரை அவ்வொட்டு நிற்கும். ஆகவே ஈமோகுளோபினில் எத்தனை பங்கு இவ்வாறு இனிப்பேறியுள்ளது என்று அளந்தால், கடந்த இரண்டு மூன்று திங்களின் சராசரிச் சீனி நிலை புலப்படும். 5.7க்குக் கீழ் இயல்பு, 6.5உம் அதற்கு மேலும் நீரிழிவு. மூன்று நாட் தவம் அதனை அசைப்பதரிது. குருதிச்சோகை முதலிய சில நிலைகளில் இவ்வெண் பிறழுவதும் உண்டு. ஆதலின் வைத்தியர் இதனொன்றையே நம்புவதில்லை.

சிறுநீர் இனிப்பதை நம் நாட்டுப் பழைய வைத்தியர் அறிந்திருந்தனர். மதுமேகம் என்னும் பெயரே அதற்குச் சான்று. 1776இல் இலிவர்ப்பூல் நகரத்து மத்தேயு தொப்சன் நோயாளியின் சிறுநீரை வற்றக் காய்ச்சி, எஞ்சியது சீனியே என்று காட்டினார். அவை அன்றன்றைய நிலையைக் கூறுவன. நாட்பட்ட கதையைக் கூறும் மூலக்கூற்றை நீரிழிவோடு தொடர்புபடுத்தியவர் பாரசீக நாட்டவரான சாமுவேல் இரஃபார். தெகரானிலே குருதி மாதிரிகளை மின்புலத்திற் பிரித்து ஈமோகுளோபின் வகைகளை ஆராய்ந்தவர், நீரிழிவுடையோர் குருதியில் வழக்கத்துக்கு மாறான ஒரு பட்டையைக் கண்டு 1968இல் வெளியிட்டார். அவர் தேடியது சீனியை அன்று. பிறப்பிலே பிழைபட்ட ஈமோகுளோபின்களை. ஏட்டிலே ஒரு பாடபேதத்தைத் தேடப்போய் முழுப் பாட்டொன்றைக் கண்டெடுப்பது போன்றது இது. நோயைக் கண்காணிக்க இது பயன்படும் என்பதை 1976இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் காட்டினர்.

கடந்த மாதம் என் கணக்கு 7.3. பனங்கட்டிப் போத்தல் இப்பொழுது சங்கீத ஆசிரியரின் மேசைமீது இருக்கிறது. அவரையும் ஒருமுறை குருதி கொடுத்துப் பார்க்கும்படி சொல்லியிருக்கிறேன்.