ஈரம் போன கல் (பாறை படிப்போம் – 6)

அனற்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை என்று சென்ற வாரம் மூன்றாகப் பிரித்தோம். தேர்வு எழுத அது போதும். சென்னை விமான நிலையத்தை ஒட்டி நிற்கும் பரங்கிமலையோ அந்தப் பிரிவினைக்குள் அடங்க மறுக்கிறது.

பரங்கிமலை, பல்லாவரம் குன்றுகளின் கருங்கல்லுக்கு நிலவியலில் சார்னோகைட் என்று பெயர். கொல்கத்தாவில் ஜாப் சார்னோக்கின் கல்லறைப் பலகையும் இதே கல்தான் என்று கண்டு, 1893-ல் இந்தப் பெயரை வைத்தவர் தாமஸ் ஹாலண்ட். பல்லாவரத்தில் ஒரு சிறு பகுதியைத் தேசிய நிலவியல் சின்னமாக அறிவித்திருக்கிறார்கள். சுற்றிலும் இருந்த குன்றுகள் ஜல்லியாகிப் போயின. அந்தச் சிறு பகுதியாவது மிஞ்சியதே என்று இருக்கிறது.

புதிதாக உடைத்த துண்டை வெயிலில் திருப்பிப் பாருங்கள். முகமெல்லாம் எண்ணெய் தடவியது போல மினுக்கம். குவார்ட்ஸ் வழக்கமான வெள்ளையாக இல்லாமல் நீலம் பாய்ந்திருக்கும். இடையிடையே பழுப்பு கலந்த கரிய மணிகள்: அதுதான் ஹைப்பர்ஸ்தீன். சாதாரண கிரானைட்டில் அந்த இடத்தில் பயோட்டைட் என்னும் கரிய மைக்கா இருக்கும். பயோட்டைட்டின் படிக அமைப்பிலேயே நீரின் கூறு உண்டு. ஹைப்பர்ஸ்தீனில் அது கிடையாது. 700 டிகிரி செல்சியசுக்கு மேல், ஆழத்தின் அழுத்தத்தில், பயோட்டைட்டும் குவார்ட்ஸும் வினைபுரிந்தால் ஹைப்பர்ஸ்தீனும் ஃபெல்ஸ்பாரும் உண்டாகி, நீர் வெளியேறுகிறது. அந்த நீர் அங்கேயே தங்கிவிட்டால் வினை நகராது.

இது நடந்த இடத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். கர்நாடகத்தில் கனகபுரா பக்கம் உள்ள கப்பல்துர்காவில், வரிவரியான சாம்பல் நிற நைஸ் பாறைக்குள் கரும்பச்சைத் திட்டுகள் பரவியிருக்கின்றன. நைஸின் வரி ஒன்றில் விரலை வைத்து நகர்த்தினால், திட்டை நெருங்கும்போது அது மங்கி, உள்ளே போனதும் கரைந்துவிடும். பழைய பாறை நின்ற இடத்திலேயே சார்னோகைட்டாக மாறிக்கொண்டிருந்ததற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டியதில்லை. 1960-ல் இதை எடுத்துச் சொன்னவர் சி. எஸ். பிச்சமுத்து. நம் நாட்டு நிலவியலின் மிக அழகான கண்டுபிடிப்புகளில் ஒன்றாக இதை நான் மதிக்கிறேன்.

நீர் எப்படிப் போயிற்று? 1979-ல் ஜனார்த்தனன், நியூட்டன், ஸ்மித் மூவரும், ஆழத்திலிருந்து ஏறிய கார்பன் டை ஆக்சைடு அதை விரட்டியது என்றார்கள். குவார்ட்ஸுக்குள் சிறைப்பட்ட நுண்ணிய கார்பன் டை ஆக்சைடு குமிழ்கள் அதற்கு வலுச் சேர்க்கின்றன. பாறையில் உருகிய பகுதிதான் நீரை உறிஞ்சிக்கொண்டு மேலே போயிற்று என்பது எதிர்க்கட்சி. வாதம் ஓயவில்லை.

இவையெல்லாம் சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், 20 கிலோமீட்டரும் அதற்கும் மேலுமான ஆழத்தில் நடந்தவை. மேலே இருந்த மலைகளை மழையும் ஆறும் அரித்துச் சுமை குறையக் குறைய, அடிப்பகுதி மெல்ல மேலெழுந்தது.

ஹாலண்ட் இதை அனற்பாறை என்றார். கப்பல்துர்கா உருமாறிய பாறை என்கிறது. வறண்ட, மிகச் சூடான பாறைக்குழம்பு நேராக உறைந்து உண்டான சார்னோகைட்டும் இருக்கவே செய்கிறது. ஆகவே களத்துக்குப் போகும் மாணவர்கள் பெயரை எழுதும் முன் திட்டின் ஓரத்தைத் தேடுங்கள்: பழைய வரிகள் உள்ளே தொடர்கின்றனவா, வெட்டியது போல நிற்கின்றனவா என்று பாருங்கள்.