சூரியக் காற்றிலும் உண்டு மெயிலும் பாசஞ்சரும்

திருப்பதி, சித்தூர் வாசிகளுக்கு வெயிலைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் வெயிலோடு ஒரு காற்றும் சூரியனிலிருந்து ஓயாமல் வீசுகிறது. அதை அளக்கும் ஆதித்யா எல்-1 விண்கலம், 2023 செப்டம்பர் 2-ம் தேதி, இப்போது திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்துவிட்ட ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான் கிளம்பியது. திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர் என்பதில் நமக்குக் கூடுதல் சந்தோஷம்.

சூரியனைச் சுற்றியுள்ள வாயு மண்டலத்துக்குக் கொரோனா என்று பெயர். (நோய்க்கும் இதற்கும் பெயர்தான் பொது.) 10 லட்சம் டிகிரிக்கு மேல் சூடு. காந்தக் கோடுகள் வளைந்து சூரியனிலேயே இறங்கும் இடங்களில் வாயு சிறைப்பட்டுக் கிடக்கும். கோடுகள் வெளிநோக்கித் திறந்த இடம் எக்ஸ்ரே படத்தில் கறுப்பாகத் தெரியும். அதுதான் கொரோனா துவாரம். அங்கிருந்து விநாடிக்குச் சுமார் 700 கிலோமீட்டர் வேகத்தில் காற்று பாயும். பூமிக்கு இரண்டரை நாள். இது மெயில். மூடிய இடங்களின் ஓரத்தில் கசிவதற்கு அதில் பாதி வேகம்தான். இது பாசஞ்சர்.

சூரியன் சுழல்வதால், பாசஞ்சர் போன வழியிலேயே பின்னால் மெயிலும் வரும். ரயில்வேயில் பாசஞ்சரை லூப் லைனில் ஒதுக்குவோம். அங்கே ஏது லூப் லைன்? மெயில் நெருக்க, நடுவில் காற்று அடர்ந்துவிடும். அது பூமியின் காந்த மண்டலத்தில் மோதினால் சில சமயம் காந்தப் புயல் எழும். சிற்றலை ரேடியோவும் செயற்கைக்கோள்களும் தொல்லைப்படும். துவாரம் மூடாதிருந்தால் சுமார் 27 நாளில் அதே காற்று மறுபடி நம் பக்கம் திரும்பும்.

2024 ஜனவரி 6-ல் ஆதித்யா தன் இடம் சேர்ந்தது. பூமிக்கு 15 லட்சம் கிலோமீட்டர் முன்னால், அவுட்டர் சிக்னல் மாதிரி. மெயில் அதைத் தாண்டினால் நம்மிடம் வர அரை மணிக்குச் சற்றுக் கூடுதலாகும்.