செகசிற்பியாரும் என் சித்தப்பாவும்

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. சிங்கள மாணவர்கள் ‘வல’ என்பார்கள். சிங்கள நாடகாசிரியர் எதிரிவீர சரச்சந்திரவின் பெயர் வைத்த திறந்தவெளி அரங்கு அது. சரிவில் படிப்படியாக இருக்கை, மேலே மரக்கிளை, அதற்கு மேலே வானம். அவருடைய ‘சிங்கபாகு’ 1961இல் முதன்முதல் அங்கேதான் மேடை கண்டது. நாடக விழா நடக்கும் நாட்களில் மாணவர்களோடு வெளியாட்களும் வந்து குந்துவார்கள். நடிப்பு பிடிக்காவிட்டால் ‘ஹூ’ போடுவது அங்கே வழக்கம். ஒழுங்கீனம் என்று சில பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும்.

1599இல் லண்டனில் கட்டிய குளோப் அரங்கிலும் சத்தத்துக்குக் குறைவில்லை. ஒரு பென்னி கொடுத்தவர்கள் கூரையில்லாத முற்றத்தில் நின்றபடியே நாடகம் பார்த்தார்கள். பிற்பகல் வெயில்தான் விளக்கு. தின்றுகொண்டும் நடிகர்களோடு வாயாடிக்கொண்டும் நின்ற அந்தக் கூட்டத்துக்காகத்தான் ஷேக்ஸ்பியர் எழுதினார். ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்து இலக்கியம் என்று இன்று பல்கலைக்கழகங்கள் தனிப் பாடமாக வைத்துப் படிப்பிப்பதில் ஒரு பங்கு இப்படிச் சந்தடியில் பிறந்ததுதான். அவருடைய சமகாலத்தவரான மார்லோ கேம்பிரிட்ஜில் படித்தவர். ஷேக்ஸ்பியர் பல்கலைக்கழக வாசலையே மிதிக்காதவர்.

மேல்நாட்டில் இந்த இலக்கியத்தைப் படிப்பிக்கும் பல்கலைக்கழகத் துறைகள் ஊர்மக்களைக் கூப்பிட்டுப் பொதுச் சொற்பொழிவும் நாடக வாசிப்பும் நடத்துகின்றன. நம் நாட்டில் அந்த வேலையை அதிகம் செய்தவை மாணவர் நாடகச் சங்கங்கள். இலங்கைப் பல்கலைக்கழகத்து ஆங்கிலப் பேராசிரியர் லுடோவைக் வகுப்பில் ஷேக்ஸ்பியரைப் படிப்பித்ததோடு நிற்கவில்லை. மாணவர்களை நடிகர்களாக்கிக் கொழும்பில் நாடகங்கள் போட்டார். ஷேக்ஸ்பியரைப் புரிந்துகொள்வது எப்படி என்று அவர் எழுதிய நூலை 1962இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகமே வெளியிட்டது.

தமிழ்ப் பக்கத்துக் கதை இன்னும் சுவையானது. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக 1943இல் பதவியேற்றவர் சுவாமி விபுலானந்தர். அதற்குப் பதினேழு வருடங்களுக்கு முன்பே, 1926இல், அவருடைய ‘மதங்க சூளாமணி’யை மதுரைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டிருந்தது. காவி கட்டிய துறவி, ஷேக்ஸ்பியரின் பன்னிரண்டு நாடகங்களை எடுத்துத் தமிழ் நாடக இலக்கணத்தோடு பொருத்திப் பார்த்த நூல் அது. ‘செகசிற்பியார்’ என்று ஷேக்ஸ்பியருக்குத் தமிழ்ப் பெயரும் சூட்டினார். ஆங்கிலம் படிப்பிக்கிறவளாக இருந்தும், அந்தப் புத்தகத்தை நான் கையில் எடுத்தது வேலைக்குச் சேர்ந்து வெகுநாள் கழித்துத்தான். எங்கள் தமிழ்ப் பாடத்திலும் அது வரவில்லை, ஆங்கிலப் பாடத்திலும் வரவில்லை.

பிறகு பேராசிரியர் சு. வித்தியானந்தன் வந்தார். ‘நாடகம’ என்ற சிங்களக் கூத்து வகையிலிருந்து சரச்சந்திர 1956இல் ‘மனமே’யை உருவாக்கியது நாடு முழுக்கப் பேச்சாக இருந்த காலம். அந்தச் சிங்கள ‘நாடகம’வின் வேர் தமிழ்க் கூத்தில் இருக்கிறது. அப்படியானால் நாம் ஏன் நம் கூத்தைப் படிக்காதவன் ஆட்டம் என்று ஒதுக்குகிறோம்? வித்தியானந்தன் மட்டக்களப்பு வந்தாறுமூலையிலிருந்து கூத்துப் பழக்கும் செல்லையா அண்ணாவியாரைத் துணைக்கு அழைத்தார். 1962இல் ‘கர்ணன் போர்’, அடுத்து ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, 1968இல் ‘வாலி வதை’. பல்கலைக்கழக மாணவர்கள் கால் பழகி, தாளம் பழகி ஆடினார்கள். இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் கிழக்குப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்.

விடிய விடிய ஆடும் கூத்தை மேடைக்காக வித்தியானந்தன் சுருக்கிவிட்டார் என்ற குறை இன்றைக்கும் உண்டு. குறை நியாயமானதுதான். ஆனால் சுருக்காமல் விட்டிருந்தால் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் படித்தவர்கள் உட்கார்ந்து பார்த்திருப்பார்களா? எனக்குச் சந்தேகம்.

எனக்கு வேறொரு குறை இருக்கிறது. அந்த மீட்டெடுப்பில் மட்டக்களப்பு வந்தது. மன்னாரின் கத்தோலிக்க நாட்டுக்கூத்துகள் அச்சேறின. மலையகத்துக் காமன் கூத்து மட்டும் பல்கலைக்கழகத்தின் கண்ணில் படப் பிந்திவிட்டது. கோப்பிக் காலத்தில் மன்னாரில் இறங்கிய எங்கள் முன்னோர் காட்டு வழியாக நடந்து முதலில் வந்து சேர்ந்த மலைநகரம் மாத்தளை. வழியில் செத்துப்போனவர்கள் போக மிஞ்சியவர்கள் முத்துமாரியம்மனையும் கொண்டுவந்தார்கள், காமனையும் கொண்டுவந்தார்கள். அறுபதுகளில் பேராதனையில் தோட்டத்துப் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். எங்கள் கூத்துக்காக யார் பேசுவது?

நான் பிறந்தது எல்கடுவைப் பக்கத்தில் ஒரு தோட்டம். மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் காமன் ஊன்றுவார்கள். பௌர்ணமியை ஒட்டி, சிவனின் நெற்றிக்கண்ணில் மன்மதன் எரிவான். லயத்துக்குக் கீழே உள்ள காமன் பொட்டலில் மேடையும் கிடையாது, திரையும் கிடையாது. தப்புச் சத்தம் கேட்டதும் சனம் வட்டமாகக் கூடிவிடும். வீரபத்திரன் பாய்ந்து வரும்போது வட்டம் தானாக விலகி வழிவிடும். என் சித்தப்பாதான் பல வருடம் ரதி. மாசி பிறந்தால் மீசையை எடுத்துவிடுவார், சித்தி திட்டுவார்.

உயர்தர வகுப்பில் நான் ஷேக்ஸ்பியரின் ‘ஒதெல்லோ’ படிப்பித்தபோது, அந்தக் காலத்து மேடையில் நாயகி டெஸ்டிமோனாவாக நடித்தது ஒரு பையன் என்று சொன்னேன். டவுன் பிள்ளைகள் சிரித்தார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் சிரிக்கவில்லை. அவர்களுக்கு அதில் புதினம் எதுவுமில்லை. வெட்டவெளி, திரையில்லாத ஆட்டம், சிரிப்பும் சாவும் பக்கத்தில் பக்கத்தில் வருவது, கூட்டத்தோடு நேரே பேசும் கோமாளி எல்லாம் அவர்கள் பார்த்து வளர்ந்தவைதான். பரீட்சைக் குறிப்புப் புத்தகம்தான் அவர்களைப் பயமுறுத்தியது.

அதனால்தான் பல்கலைக்கழகங்களின் பொது நிகழ்ச்சி அழைப்பிதழைப் பார்க்கும்போது நான் முதலில் நேரத்தைப் பார்ப்பேன். மாலை ஆறரை என்று போட்டிருக்கும். நாடகம் முடிந்து பேராதனையிலிருந்து கண்டி, கண்டியிலிருந்து மாத்தளை வந்து சேர்வதற்குள் மலைக்கு ஏறும் கடைசி பஸ் போய்விட்டிருக்கும். அனுமதி இலவசம் என்று பெரிய எழுத்தில் போட்டு என்ன பயன்? ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு ஏதாவது ஒரு தோட்டத்துக் காமன் பொட்டலில் மாணவர்கள் வந்து நடிக்கட்டும். குளோப்பில் இருந்த வசதி அத்தனையும் அங்கே இருக்கிறது. முடிந்ததும் எங்கள் ஆட்கள் ஒரு காட்சி ஆடிக் காட்டுவார்கள்.

சித்தப்பாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. போன மாசியில் அவருக்கு ‘ஒதெல்லோ’ கதையை முழுக்கச் சொன்னேன். சந்தேகத்தில் புருஷன் கொல்கிற இடம் வரை பேசாமல் கேட்டார்.

“அந்தப் புள்ள எம்புட்டு நேரம் பாடும்?”

கொலைக்குச் சற்று முன்பு ஒரு பாட்டுப் பாடுவாள், சின்னப் பாட்டுத்தான் என்றேன்.

“ஒண்ணே ஒண்ணா? அதுவும் சாகுறதுக்கு முந்தியே பாடிப்புட்டா, பொறகு யாரு ஒப்பாரி வைக்கிறது? அந்தப் புருஷன்காரனாச்சும் நின்னு அழுதானா?”

அழுதுவிட்டுத் தன்னையே குத்திக்கொண்டு சாவான் என்றேன்.

“அப்ப சரி,” என்றார் சித்தப்பா. “ஆனா அழுகையைக் கொறைச்சுப்புட்டாங்க.”