ஒரு சீட் 2.17 கோடி, ஒரு போன் பத்து நிமிஷம்

விருதுநகர் மாவட்டத்துக் குமாரலிங்கபுரத்தில் ஒரு பெண் மாசமாக இருப்பது தெரிந்ததும் கிராம சுகாதாரச் செவிலியர் அவள் பெயரைப் பதிந்துவிடுவார். 12 இலக்க எண் ஒன்று கிடைக்கும். ரத்த அளவு, எடை, ஸ்கேன், தடுப்பூசி, பிரசவம் நடந்த இடம், பிள்ளை எத்தனை கிலோ என்று எல்லாம் அந்த எண்ணின் கீழ் போய்ச் சேரும். பிக்மி என்று ஊரில் சொல்லும் இந்தக் கணக்கில் எண் இல்லையென்றால் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கு அலைய வேண்டியதுதான். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் மழை எப்போது வரும் என்று எவராலும் சொல்ல முடியாது. எந்த வீட்டில் எந்த வாரம் பிரசவம் என்று செவிலியர் சொல்லிவிடுவார்.

எண்ணுவது இந்த மாவட்டத்துக்குப் புதிதும் இல்லை. 2018இல் தொடங்கிய ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ திட்டத்தில் தமிழ்நாட்டிலிருந்து போனவை இரண்டு: விருதுநகர், ராமநாதபுரம். 49 குறியீடுகள், மாதா மாதம் தரவரிசை. இதே இரண்டு மாவட்டங்களுக்கும் 2022 ஜனவரி 12 அன்று அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அன்று ஒரே நாளில் திறந்தவை 11 கல்லூரிகள்.

அந்தக் கல்லூரிகளின் பேரேட்டைப் புரட்டலாம். பற்றுப் பக்கம் தெளிவாக இருக்கிறது. ஒரு கல்லூரிக்குத் திட்ட மதிப்பு 325 கோடி ரூபாய். மத்திய அரசு 60 சதவீதம், மாநிலம் 40. அதாவது 195 கோடியும் 130 கோடியும். 195ஐ 11ஆல் பெருக்கினால் 2,145 கோடி, மத்திய அரசின் பங்கு. மொத்தச் செலவு சுமார் 4,000 கோடி என்று அறிவித்தார்கள். மிச்சம் 1,855 கோடி மாநிலத்தின் தலையில். 11 கல்லூரிக்கும் சேர்த்து 1,450 எம்.பி.பி.எஸ். இடங்கள். விருதுநகருக்கு 150, ராமநாதபுரத்துக்கு 100.

திட்ட மதிப்பையே வைத்து வகுத்தால் விருதுநகரில் ஒரு சீட் 2.17 கோடி, ராமநாதபுரத்தில் 3.25 கோடி. இப்படிச் சொல்வது கொஞ்சம் அநியாயம்தான். கட்டடம் ஒரு வருஷத்தில் இடிந்துவிடாது. முப்பது வருஷம் நிற்கும் என்று வைத்தால் விருதுநகரில் 4,500 டாக்டர்கள் வெளியே வருவார்கள். தலைக்கு 7 லட்சத்து 22 ஆயிரம். இதில் பேராசிரியர் சம்பளம் இல்லை, மருந்து இல்லை, கரண்ட் பில் இல்லை.

வரவுப் பக்கத்தில் என்ன எழுதுவது? செய்தித்தாளில் வருவதெல்லாம் சேர்க்கைக் கணக்கு. நீட் பற்றி ஆராய்ந்த நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021இல் தந்த அறிக்கையில் ஓர் எண் என்னைத் தூக்கிப் போட்டது. முந்தைய வருஷமோ அதற்கு முன்போ பிளஸ் டூ முடித்துவிட்டு மறுபடி எழுதி உள்ளே வந்தவர்கள் 2016-17இல் 12.47 சதவீதம், 2020-21இல் 71.42 சதவீதம். கோச்சிங்குக்கு ஒரு வருஷம் செலவழிக்க முடிந்த வீட்டுப் பிள்ளைகள் என்று அர்த்தம். பெரிய உழைப்பு, பெரிய எண். ஆனாலும் அது வாசற்படியில் நின்று எண்ணியது. உள்ளே போனவர் ஐந்தரை வருஷம் கழித்து எந்த ஊரில் ஸ்டெதஸ்கோப்பை மாட்டினார் என்பது வேறு கணக்கு.

அந்தக் கணக்கைப் போட்டவர்கள் இருக்கிறார்கள். டெல்லி எய்ம்ஸில் 1989 முதல் 2000 வரை படித்து முடித்தவர்களைத் தேடிப் பார்த்த ஓர் ஆய்வு 2008இல் வெளியானது. கிட்டத்தட்ட 54 சதவீதம் பேர் இந்தியாவிலேயே இல்லை. இடஒதுக்கீட்டில் வந்தவர்களைவிடப் பொதுப் பிரிவில் வந்தவர்கள் வெளிநாட்டில் இருக்கும் வாய்ப்பு இரண்டு மடங்கு. நிறையப் பரிசு வாங்கியவர்கள் கிளம்பிப்போகும் வாய்ப்பு 35 சதவீதம் கூடுதல். தங்க மெடல் யாருக்கு என்பது மட்டும் கல்லூரிச் சுவரில் கல்வெட்டாக இருக்கும்.

அமெரிக்காவில் பிலடெல்பியாவின் ஜெபர்சன் மருத்துவக் கல்லூரி 1970லிருந்தே தன் மாணவர்களைப் பின்தொடர்கிறது. கிராமத்துப் பிள்ளைகளைத் தேடிச் சேர்க்கும் ஒரு திட்டத்தை 1974இல் தொடங்கியது. பென்சில்வேனியாவின் ஏழு மருத்துவக் கல்லூரிகளில் படித்து வெளியே வந்தவர்களில் இந்தத் திட்டத்தில் வந்தவர்கள் ஒரே ஒரு சதவீதம். ஆனால் அந்த ஏழில் படித்து, அம்மாநிலக் கிராமங்களில் குடும்ப மருத்துவராக இருப்பவர்களில் இவர்கள் 21 சதவீதம் என்று 1999இல் எண்ணிக் காட்டினார்கள். இருபத்தைந்து வருஷம் விடாமல் விலாசம் வைத்திருந்ததால் வந்த எண் அது.

நம்மிடமும் அதே போன்ற கேள்வி கையில் இருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020இல் வந்தது. விருதுநகரின் 150இல் அகில இந்திய ஒதுக்கீடு 15 சதவீதம் கழித்தால் சுமார் 127. அதில் 7.5 சதவீதம் என்றால் ஒன்பது, பத்துப் பேர். பத்துப் பேரை வைத்து எதையும் நிறுவ முடியாது. இரண்டு பேர் துபாய் போனால் 20 சதவீதம் என்று வரும். ஆனால் 11 கல்லூரியையும் ஒரே பேரேட்டில் சேர்த்தால் ஒரு வருஷத்துக்கே 92 பேர். ஐந்து வருஷத்தில் 460. இவர்கள் ஊர்ப்பக்கம் அதிகம் நிற்கிறார்களா என்று அப்போது பேசலாம். கல்லூரி கல்லூரியாகத் தனித்தனி எக்செல் வைத்துக்கொண்டால் காலத்துக்கும் பேச முடியாது.

படித்து வெளியே போனவர்களை இப்படிப் பின்தொடர என்ன செலவாகும்? ஆளுக்கு வருஷம் ஒரு போன், பத்து நிமிஷம். ஊர், அரசா தனியாரா, மேல்படிப்பா, எந்தத் துறை: இவ்வளவு போதும். 150 பேருக்கு 25 மணி நேரம். பத்து பேட்ச் சேர்ந்தபின் 1,500 பேர், 250 மணி நேரம். டாக்டர்கள் முதல் தடவையில் போனை எடுக்கப்போவதில்லை. இரட்டிப்பாக்கி 500 மணி நேரம் என்போம். மாதம் 30,000 ரூபாய் சம்பளத்தில் 175 மணி நேரம் வேலை செய்யும் ஒருவருக்கு மூன்று மாதத்துக்கும் குறைவான வேலை. ஏறக்குறைய 86,000 ரூபாய். ரீசார்ஜ், காகிதம் எல்லாம் சேர்த்து ஒரு லட்சம். 325 கோடியில் இது 0.003 சதவீதம்.

2022 பிப்ரவரி வாக்கில் வகுப்பு தொடங்கிய முதல் பேட்சுக்கு நாலரை வருஷப் படிப்பும் ஒரு வருஷப் பயிற்சியும் முடிய 2027 ஆகிவிடும். போகும்போது நோ டியூஸ் படிவத்தைத் தூக்கிக்கொண்டு நூலகம், ஹாஸ்டல், மெஸ், லேப் என்று கையெழுத்துக்கு ஓடுவார்கள். மெஸ் பாக்கி 40 ரூபாய் நின்றாலும் விடமாட்டார்கள். அந்தப் படிவத்தின் அடியில் இன்னும் ஒரு கட்டம் போட இடம் இருக்கும்: மாறாத போன் நம்பர், வீட்டில் ஒருவர் நம்பர், ‘வருஷம் ஒருமுறை கூப்பிடச் சம்மதம்’ என்று ஒரு கையெழுத்து.