பாப்பா யார் ஜாடை?

மூன்றாம் நாள் பால் சுரந்துவிட்டது. பிள்ளை இல்லை என்பது உடம்புக்குத் தெரியவில்லை.

எட்டு மாதம் முடிந்து, வயிற்றுக்குள்ளேயே துடிப்பு நின்று பிறந்தவள் என் மகள். கல்லிடைக்குறிச்சி வீட்டில் எல்லோரும் அவளை ‘அது’ என்றார்கள். “அது போனா போவுது, அடுத்தது நல்லபடியா பொறக்கும்.” யாரும் கெட்டவர்கள் இல்லை, வேறென்ன சொல்வதென்று தெரியவில்லை, அவ்வளவுதான். பச்சைப் பிள்ளையை எரிப்பதில்லை. இவரும் மாமாவும் தாமிரபரணிக் கரைக்குத் தூக்கிப் போனார்கள். பெற்றவள் போகக்கூடாதாம். இவர் திரும்பி வந்தபோது வேட்டி விளிம்பில் ஈரமணல். எந்த இடம் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஆச்சிதான் என் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றும் பேசாமல் குண்டுமல்லிச் சரம் வாங்கிவந்து, மார்பில் வைத்துத் துணியால் கட்டினாள். பால் வற்றுவதற்கான பழைய கைவைத்தியம். வேலூர் மருத்துவர்கள் இந்தப் பூவை மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்து 1988-ல் ஆய்வே வெளியிட்டிருக்கிறார்கள். பூவும் பாலைக் குறைத்ததாம். எனக்கு அன்றைக்கு அந்த வாசனை குமட்டியது. வளைகாப்புக்கும் இதே பூதான் வைத்தார்கள்.

கல்லூரித் தோழி ஒருத்தி என்னை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டிருந்தாள். பிள்ளையைப் பறிகொடுத்த பதினோரு பெண்கள். ஒருத்தி முகமும் தெரியாது. ராத்திரி ரெண்டு மணிக்கு ‘நெஞ்சு கல்லா இருக்கு’ என்று தட்டினேன். உடனே ஒரு குரல்பதிவு வந்தது, சிவகாசிக்காரி. “பால் கட்டிக்கிச்சாக்கா? பிழிஞ்சு எடுக்காதீங்க, எடுக்க எடுக்கச் சுரக்கும். தாங்கலைன்னா கொஞ்சூண்டு மட்டும். ஈரத்துணி போடுங்க. செவந்து காய்ச்சல் வந்துச்சுன்னா டாக்டர்ட்ட போயிருங்க.” கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டாள்: “பாப்பா யார் ஜாடை?”

மூக்கு இவருடையது. அதை அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சொன்னேன்.

வேலை பார்த்த இடத்தில் எனக்கு ஒரு வாரம்தான் லீவு கொடுத்தார்கள். “கைக்குழந்தை இல்லையே!” குழுவில் இன்னொருத்தி சட்டத்தை எடுத்துப் போட்டாள். 1961-ல் வந்த மகப்பேறு நலச் சட்டம், குழந்தை என்றால் இறந்து பிறந்த குழந்தையும் சேர்த்தி என்று அப்போதே எழுதிவிட்டது. கரு கலைந்தால்கூட ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு. சட்டப் புத்தகத்தைப் படித்து அழுதவள் நானாகத்தான் இருப்பேன். உலகத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 லட்சம் பிள்ளைகள் இப்படிப் பிறக்கிறார்கள்; என் வீட்டில் மட்டும் அவள் ‘அது’.

எல்லாவற்றையும் குழு தாங்காது. ஒருத்தி தூக்கமில்லாமல், உயிரே வேண்டாம் என்று எழுதினால், நாங்கள் பேசிக்கொண்டே 14416-ஐக் கூப்பிட வைப்போம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலிமனாஸ் மனநல உதவி எண்; இலவசம், ராப்பகலாக எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். நானும் ஒருமுறை கூப்பிட்டிருக்கிறேன்.

அப்பன்மாருக்குத்தான் ஒன்றும் இல்லை. குழுவில் ஒரு ஆண்கூடக் கிடையாது.

அக்டோபர் 15 இப்படிப்பட்ட பிள்ளைகளை நினைக்கும் நாள். பல நாடுகளில் இரவு ஏழு மணிக்கு விளக்கேற்றுகிறார்கள். நாங்களும் அவரவர் வீட்டில் ஏற்றிப் படம் அனுப்பிக்கொண்டோம். நான் திண்ணையில் அகலை வைத்தபோது இவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். காற்றுக்குக் கையை அணைத்துப் பிடித்தார். எண்ணெய் தீரும் வரை பேச்சில்லை. அப்புறம் என்னைப் பார்க்காமலே சொன்னார்:

“படித்துறையில இருந்து மூணாவது மருதமரம்.”