விமானக் கம்பெனிகளின் சிக்கனம்

சிக்கனம் உத்தமமான குணம். குடும்பத்துக்கும் அது வேண்டும், கம்பெனிக்கும் வேண்டும், சர்க்காருக்கும் வேண்டும். ஆனால் தன் வீண் செலவைக் குறைத்துக்கொள்வதுதான் சிக்கனம். பிறருக்குச் சேரவேண்டியதைக் குறைத்துக் கொடுப்பதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. படியின் அடியை உள்ளே தட்டிவிட்டு அரிசி அளக்கிற வியாபாரியை நாம் சிக்கனக்காரன் என்று புகழ்வதில்லை. ஆகாய விமானக் கம்பெனிகள் செய்துவரும் செலவுக் குறைப்பில் எது சிக்கனம், எது குறையளவு என்பதை ஜனங்கள் பகுத்தறிய வேண்டிய காலம் வந்துவிட்டது.

2025 டிசம்பர் முதல் வாரத்தில் நமது விமான நிலையங்களில் நடந்ததை ஒருவரும் மறந்திருக்க மாட்டார்கள். உள்நாட்டு விமானப் பிரயாணிகளில் நூற்றுக்குச் சுமார் 65 பேரை ஏற்றிச் செல்லும் இண்டிகோ கம்பெனி, சில தினங்களுக்குள் ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. 5-ந் தேதி ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்டவை நின்றுபோயின. முழுப் பணம் கொடுத்து டிக்கெட் வாங்கியவர்கள் மூட்டை முடிச்சுகளுடன் தரையில் படுத்துக் கிடந்தார்கள். புயலோ, யுத்தமோ இதற்குக் காரணமல்ல. விமானிகளுக்குப் போதிய தூக்கம் கொடுக்கவேண்டும் என்ற ஒரு விதி அமுலுக்கு வந்ததும், அதற்குத் தக்கபடி ஆட்கள் இல்லாமற்போனதுமே காரணம்.

அந்த விதி என்ன கொடுமையானதா? வாரத்துக்கு 36 மணி நேரமாக இருந்த தொடர்ச்சியான ஓய்வை 48 மணியாக்கியது. காலை 5 மணியோடு முடிந்த ‘இரவு’ என்ற கணக்கை 6 மணி வரை நீட்டியது. இரவு வேலையில் ஒரு விமானி ஆறு முறை விமானத்தை இறக்கலாம் என்றிருந்ததை இரண்டு முறை என்று குறைத்தது. திடீரென்று வந்த விதியுமல்ல. 2024 ஜனவரியில் பிரகடனமாயிற்று. கம்பெனிகளின் ஆட்சேபத்தால் ஒத்திப்போடப்பட்டது. டில்லி ஹைகோர்ட்டு வரை விவகாரம் போன பிறகு, 2025 ஜூலை முதல் தேதியிலும் நவம்பர் முதல் தேதியிலுமாக இரண்டு தவணைகளில் அமுலாயிற்று. கிட்டத்தட்ட 22 மாத அவகாசம்! அதற்குள் வேண்டிய விமானிகளைச் சேர்த்துக்கொள்ளாதது கம்பெனியின் தவறு. தங்கள் திட்டத்தில் கணக்குத் தவறிவிட்டது என்று கம்பெனியாரே ஒப்புக்கொண்டார்கள்.

சர்க்கார் என்ன செய்தது? விமானக் கட்டணங்களுக்கு உச்சவரம்பு விதித்தது. 500 கிலோமீட்டர் வரையிலான பிரயாணத்துக்கு 7,500 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்றது. கம்பெனியின் விமானங்களில் நூற்றுக்குப் பத்தைக் குறைக்கும்படி உத்தரவிட்டது. இவற்றை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் அதோடுகூட, இரவு வேலை பற்றிய புதிய விதிகளிலிருந்து அந்தக் கம்பெனிக்கு 2026 பிப்ரவரி 10-ந் தேதி வரை விலக்கும் அளித்தது. குற்றம் செய்தவன் கம்பெனி; தண்டனை விமானியின் தூக்கத்துக்கு! இது எந்த நியாயம் என்று நாம் கேட்கிறோம்.

தூக்கம் அற்ப விஷயமென்று நினைப்பவர்கள் மங்களூரை நினைத்துப் பார்க்கட்டும். 2010 மே 22-ந் தேதி காலையில், துபாயிலிருந்து இரவோடிரவாக வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. 166 பேரில் 158 பேர் மாண்டனர். இறங்கும் முயற்சியைத் தலைமை விமானி உரிய சமயத்தில் கைவிடாததே விபத்துக்கு நேர்க் காரணம் என்று விசாரணை கண்டது. வழிநெடுக அவர் நெடுநேரம் தூங்கியிருந்தார் என்பதும், விழித்தெழுந்த பின்னும் தீராத மயக்கம் அவருடைய நிதானத்தைக் கெடுத்திருக்கலாம் என்பதும் அதே விசாரணையில் வெளியாயின. செலவுக் குறைப்பால் அந்த விபத்து நேர்ந்தது என்று நாம் சொல்லவில்லை. களைத்த மூளையின் ஒரு நிமிஷத் தடுமாற்றத்துக்கு எத்தனை உயிர் விலை என்பதையே சொல்லுகிறோம்.

விமானியின் தூக்கத்தில் கை வைத்த அதே கணக்குப் புத்திதான் பிரயாணியின் முழங்காலிலும் கை வைத்திருக்கிறது. முன் ஆசனத்துக்கும் பின் ஆசனத்துக்கும் உள்ள தூரத்தை விமானக்காரர்கள் அங்குலத்தில் அளக்கிறார்கள். அமெரிக்காவில் ஒரு காலத்தில் 35 அங்குலமாக இருந்த இந்தத் தூரம் சராசரி 31 ஆகக் குறைந்தது. சில கம்பெனிகளில் 28 ஆகவும் ஒடுங்கியது. ஆசனத்தின் அகலமும் பதினெட்டரையிலிருந்து 17 அங்குலத்துக்கு இறங்கியது. ஜனங்களின் உடம்பு மட்டும் கம்பெனிகளின் கணக்குக்கு இணங்கிச் சுருங்கவில்லை.

நம் நாட்டு விஷயத்தைப் பாருங்கள். ஏர்பஸ் 320 ரகத்து விமானத்தில் 180 ஆசனங்கள் போடுவது வழக்கம். பின்புறத்துச் சமையல் அறையையும் கழிப்பறைகளையும் நெருக்கி ஒடுக்கி, இன்னும் ஒரு வரிசை சேர்த்து, 186 ஆக்கினார்கள். 50 ஆசனங்களுக்கு ஒரு சிப்பந்தி என்பது விதி. ஆகையால் 180-க்கும் நால்வர் போதும்; 186-க்கும் நால்வர் போதும். இன்னொரு கம்பெனி வாங்கும் போயிங் விமானத்தில் 197 ஆசனங்கள். ஏன் 201 இல்லை? ஐந்தாவது சிப்பந்தியை வைக்க நேரிடும் என்பது ரகசியமல்ல. டிக்கெட் விற்ற பணம் கம்பெனிக்கு, அதிகப்படியான வேலை அந்த நால்வருக்கு, நெருக்கடி பிரயாணிகளுக்கு.

‘சௌகரியம் வேண்டுமானால் அதிகப் பணம் கொடு’ என்று பதில் வரும். இது வெறும் சௌகரியப் பேச்சல்ல. ஆபத்து நேர்ந்தால், பாதி வாசல்கள் அடைபட்டிருந்தாலும், 90 விநாடிகளில் எல்லோரும் வெளியேறவேண்டும் என்பது விமானத் தயாரிப்புக்குரிய விதி. அமெரிக்காவில் பிரயாணிகள் சங்கமொன்று இதை முன்னிட்டு வழக்காடியது. 2017-ல், ஆசனங்கள் சுருங்கியதன் ஆபத்தை மறுபடி ஆராயும்படி அந்நாட்டு விமான இலாகாவுக்குக் கோர்ட்டு உத்தரவிட்டது. 2018-ல் காங்கிரஸ் சபை, ஒரு வருஷத்துக்குள் குறைந்தபட்ச அளவை நிர்ணயிக்கும்படி சட்டமே செய்தது. கெடு கடந்தது, அளவு வரவில்லை. 2023-ல் கோர்ட்டும் இலாகாவைக் கட்டாயப்படுத்த மறுத்துவிட்டது. நடுவில் ஒக்லஹாமா நகரில் 775 பேரைக் கொண்டு ஒரு பரீட்சை நடத்தினார்கள். அதில் கிழவர்கள் இல்லை, குழந்தைகள் இல்லை, ஊனமுற்றோர் இல்லை. எல்லோரும் அறுபது வயதுக்கு உட்பட்ட திடகாத்திரர்கள்! கைக்குழந்தையோடு வரும் தாயும், முழங்கால் வலியுள்ள பாட்டியும் விமானம் ஏறுவதில்லை போலும்.

சிப்பந்திகளின் அருமை ஆபத்தில்தான் தெரியும். 2024 ஜனவரி 2-ந் தேதி டோக்கியோவின் ஹனேடா நிலையத்தில், வந்து இறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் கடற்காவல் படையின் விமானத்தோடு மோதித் தீப்பற்றியது. எட்டு வாசல்களில் மூன்றுதான் உபயோகப்பட்டன. ஆயினும் அதிலிருந்த 379 பேரும் உயிரோடு வெளியேறினர். சிறிய விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐவர் இறந்தது மிகவும் துக்ககரமானது. பெரிய விமானத்தில் ஓர் உயிரும் போகாததற்கு முக்கிய காரணம், நல்ல பயிற்சி பெற்ற சிப்பந்திகளின் நிதானம். பலகாரம் விற்பதற்காக மட்டும் அவர்கள் விமானத்தில் நிறுத்தப்படவில்லை. நடைபாதையில் புன்சிரிப்போடு நிற்கும் அந்தப் பெண், தீ பிடித்த வேளையில் நம் குழந்தையை இழுத்துச் செல்லவேண்டியவள். அவளைக் களைக்கவைப்பது நமக்கே ஆபத்து.

கம்பெனிகளின் கஷ்டத்தையும் நாம் உணராமலில்லை. எரிபொருள் விலை ஏறி இறங்குகிறது. விமான வாடகையை டாலரில் கட்டவேண்டியிருக்கிறது. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது விமான எரிபொருளை அதில் சேர்க்கவில்லை. மாநில சர்க்கார்கள் தனித்தனியே வரி போட்டு வந்திருக்கின்றன. அந்தச் சுமையைக் குறைக்கும்படி கேட்டால் நாமும் ஆதரிப்போம். 2003-ல் ஏர் டெக்கான் காட்டிய வழியில் மலிவுக் கட்டணம் வந்ததனால், ரயிலை மட்டும் நம்பியிருந்த எத்தனையோ குடும்பங்கள் ஆகாய மார்க்கத்தைக் கண்டன. அந்த நன்மை நிலைக்கவேண்டும். ஆனால் மலிவு என்பது பிராணனைப் பணயம் வைத்த மலிவாக இருக்கக்கூடாது.

மேலும், தொழிலாளர் வயிற்றில் கட்டிய ஈரத்துணி கம்பெனிகளையும் காப்பாற்றிவிடவில்லை. கிங்பிஷர் 2012-ல் நின்றது. சிப்பந்திகளுக்கு மாதக்கணக்கில் சம்பள பாக்கி. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ந் தேதி கடைசியாகப் பறந்தது. சுமார் இருபதினாயிரம் பேரின் பிழைப்பு ஊசலாடியது. 2024 நவம்பரில் அதன் சொத்துக்களை விற்றுக் கணக்குத் தீர்க்கும்படி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. லாபம் வரும்போது பங்கு இல்லாதவர்கள் நஷ்டம் வரும்போது முதல் பங்காளிகள் ஆகிறார்கள்.

1917-ல் மகாத்மா காந்தி, ரயிலில் மூன்றாம் வகுப்புப் பிரயாணிகள் படும் அவதியைத் தாமே அனுபவித்துப் பத்திரிகைகளுக்கு எழுதினார். டிக்கெட் வாங்கிய மனிதன் சரக்கு மூட்டையல்ல என்பதே அவர் கட்சி. வாகனம் ஆகாயத்துக்கு ஏறிவிட்டதால் அந்த நியாயம் மாறிவிடாது. ஆகவே நாம் கேட்பது மூன்று: ஆசனத்துக்குக் குறைந்தபட்ச அளவைச் சட்டமே நிர்ணயிக்கட்டும், விமானிகளின் ஓய்வு விதியை எந்தக் கம்பெனிக்காகவும் தளர்த்தாதிருக்கட்டும், கம்பெனி கவிழ்ந்தால் சிப்பந்திகளின் சம்பளம் முதல் கடனாகத் தீரட்டும். இந்த மூன்றையும் கொடுத்துவிட்டு, அதற்குமேல் கம்பெனிகள் எவ்வளவு சிக்கனம் செய்தாலும் நாம் வாழ்த்துவோம். கொடுக்காதவரை, அது அடி தட்டிய படிதான்.